ஸ் என்று சீறும் பெட்டி

தன்னாமுனை
02.03.2025

அஜந்தாவுக்கு,

நான் சுகம். நீயும் சுகமென்று சதீசன் சொன்னான். அதனால் அதைத் திரும்பக் கேட்டு மையை வீணாக்கவில்லை.

போனில் கதைத்த இரண்டு தடவையும் மூன்று நிமிடம் தாண்டவில்லை, சண்டை வந்துவிட்டது. "இனி ரெண்டு பேரும் எழுதுங்க. எழுதக்குள்ளயாவது வாய் சும்மா கிடக்கும்" என்று நம் மகள் விதுர்சிகா சொன்னாள். கம்பஸில் படிக்கிற பிள்ளை சொன்னால் கேட்கத்தானே வேண்டும். கடிதத்தை உன் தம்பி சதீசன் ஓட்டோவில் கொண்டுவந்து தருவான்.

விஷயம் இதுதான். நான் கசற் போட்டுப் பாட்டுக் கேட்கிற செற் பழுதாகிவிட்டது. உன் வீட்டு முன்னறையில் இருபத்தாறு வருடம் தேனாகப் பாடிய செற், இந்த மேல்மாடி அறைக்கு வந்த நாளிலிருந்து சீறுகிறது. பேஸ் வழமைபோல. தவில், மிருதங்கம் எல்லாம் சுத்தம். பாட்டில் 'ச' வருகிற இடமெல்லாம் 'ஸ்ஸ்' என்று காதுக்குள் ஊசி இறங்குகிறது. பெண் குரலென்றால் இன்னும் மோசம். கொல்லன் பட்டறையில் கத்தி தீட்டுவது போல இருக்கிறது.

இருபத்தெட்டு வருடமாகக் கோயில் திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவன் நான். காரணம் தெரியாமல் சொல்லமாட்டேன். சாமான் ஏற்றும்போது உன் தம்பி வலப்பக்க ஸ்பீக்கர் பெட்டியை எதிலோ இடித்திருக்கிறான். அல்லது நான் கோயில் வேலைக்குப் போன நேரம் நீ தூசி தட்டுகிறேன் என்று கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற ட்றெபிள் குமிழைத் திருகியிருக்கிறாய். இரண்டில் எது என்று எழுது. கசற் ஹெட் துடைக்கிற ஸ்பிரிட் போத்தல் அலுமாரி மேல்தட்டில் இருக்கும், அதையும் கொடுத்தனுப்பு.

"இது என்ட வீடு" என்று பொங்கலுக்கு முதல்நாள் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. மறக்கவில்லை என்று சொல்ல இதை எழுதவில்லை. செற்றுக்காகத்தான் எழுதுகிறேன்.

உதயரூபன்


ஆரையம்பதி
05.03.2025

விதுவின் அப்பாவுக்கு,

கல்யாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. பக்கம் முழுக்க செற், என் பெயர் தலைப்பில் மட்டும். ஆனாலும் வாசித்தேன், இரண்டு தடவை.

சதீசனைக் கேட்டேன். தலையில் கைவைத்து, "அம்மாளாண நான் இடிக்கல்ல அக்கா. அத்தான் ஓட்டோக்குப் பின்னால சைக்கிள்ல வந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஏசிக்கொண்டு வந்தவர். இடிச்சிருந்தா அண்டைக்கே என்னைத் திண்டிருப்பார்" என்றான். ட்றெபிளை நான் தொடவில்லை. தொட்டால் என்ன நடக்கும் என்று நீங்கள் இங்கு வந்த முதல் வருடமே படித்துவிட்டேன்.

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆளுக்காள் குற்றம் சொல்லாமல் செற்றைத் திறந்து பாருங்கள்.

சொல்ல வேண்டியதை நானும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு முதல்நாள் உங்கள் ஸ்பீக்கர் பெட்டிமேல் நான் துணிமூட்டை வைத்தது பிழைதான். முன்னறை முழுக்க ஊரார் தைக்கத் தந்த துணி. வைக்க இடமில்லை. அதற்காக ஒரு புது வீட்டுக்காரி அவசரமென்று தந்த திரைச்சீலைகளை, "இந்தக் குப்பைக்குள்ள மனிசன் இருக்கலாமா" என்று தூக்கி முற்றத்துச் சேற்றில் எறிவதா? அதைத் தைத்து முடிக்க எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. அவள் வாங்கவில்லை. புதுத்துணி எடுத்து மறுகா முதலிலிருந்து தைத்துக் கொடுத்தேன். கண்ணெல்லாம் சிவந்துபோனது. அந்தக் கோபத்தில்தான் அந்தச் சொல் வாயில் வந்தது.

விது சித்திரை வருசத்துக்கு வருவதாக இருந்தாள். நேற்று போனில், "ரெண்டு வீட்டுக்கு வருசம் கொண்டாட நான் வரமாட்டன். ஒரு வீடாகினா சொல்லுங்க, வாறன். இல்லாட்டி ஹொஸ்டல்லயே நிப்பன்" என்றாள். உங்களைப் போலவே பிடிவாதம்.

ஸ்பிரிட் போத்தலும் பஞ்சும் இத்துடன். அலுமாரியில் என் சேலைகளுக்கு அடியில் பச்சை உறை போட்ட கசற் ஒன்று இருந்தது. காணவில்லை. நீங்கள் எடுத்தீர்களா?

சாப்பாடு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. சதீசன் சொல்லுவான்.

அஜந்தா


தன்னாமுனை
11.03.2025

அஜந்தாவுக்கு,

போத்தல் கிடைத்தது. பஞ்சு வைத்ததற்கு நன்றி, அதை நான் கேட்கவில்லை.

ஒரு கிழமையாக வேறு வேலை இல்லை. ஹெட்டைத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது, சந்தோஷப்பட்டேன். போட்டேன், அதே சீறல். ட்றெபிளை அடிமட்டத்துக்கு இறக்கினேன். சீறல் குறைந்தது, ஆனால் பாடுகிறவள் தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டு பாடுவது போல இருந்தது. இடப்பெட்டியை வலத்துக்கும் வலப்பெட்டியை இடத்துக்கும் மாற்றினேன். இரண்டும் ஒரே மாதிரிச் சீறுகின்றன. ஆகவே சதீசன் இடிக்கவில்லை. அவனிடம் சொல்லிவிடு.

காத்தான்குடிச் சாலிஹ் நோன்பு திறந்துவிட்டு வந்தான். என்னோடு ஒன்றாகத் தொழில் பழகி, இப்போது ரேடியோ சாமான் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். அவன் பெண்சாதி ரிப்கா ஒரு வாளி நிறைய நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டிருந்தாள். கீச்சுச் சத்தம் தருகிற சின்ன ஸ்பீக்கர், அந்த ட்வீற்றர், புதிதாக இரண்டு போட்டுப் பார்த்தான். வயர் மாற்றினான். அம்பிளிபையரைக் கழற்றிக் கண்டென்சர்களை அளந்தான். கடைசியில் கஞ்சியில் பாதியை அவனே குடித்துவிட்டு, "மச்சான், செற்ல ஒரு குத்தமும் இல்ல. உன்ட காதைக் காட்டு" என்றான்.

காதையும் காட்டினேன். ஒரு டொக்டர் என்னைப் பெட்டிக்குள் இருத்தி 'பீப்' சத்தம் கேட்கப் பண்ணினார். இந்த வயதுக்கு நல்ல காதாம். லவுட்ஸ்பீக்கர்காரனுக்கு இப்படிக் காதா என்று ஆச்சரியப்பட்டார்.

செற்றும் சரி, காதும் சரி. பாட்டு மட்டும் சரியில்லை. எனக்கு அலுத்துவிட்டது, அஜந்தா. சாலிஹின் கடையில் கொண்டுபோய் வைத்து யாருக்காவது கொடுக்கச் சொல்லலாமென்று நினைக்கிறேன். வேலையால் வந்து கேட்க அது ஒன்றுதான் எனக்கு இருந்தது. அதுவும் இப்போது எரிச்சல் மூட்டுகிறது.

கசற்றை நான்தான் எடுத்தேன். சோதித்துப் பார்க்க ஒரு பெண் குரல் வேண்டியிருந்தது.

கீழ்வீட்டு ஆச்சிப்பிள்ளை அக்கா மீன் குழம்பு தருகிறா. உன் கைப்புளி அதில் இல்லை. குறை சொல்லவில்லை, செய்திதான்.

உதயரூபன்


ஆரையம்பதி
15.03.2025

விதுவின் அப்பாவுக்கு,

செற்றை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அவசரப்பட்டுத் தூக்கி எறிவதும் பிறகு யோசிப்பதும் உங்களுக்குப் பழக்கம்.

நான் சொல்வதைச் சிரிக்காமல் கேளுங்கள். எனக்கு ட்வீற்றரும் தெரியாது, கண்டென்சரும் தெரியாது. ஆனால் இங்கே ஒன்று நடந்தது.

நீங்கள் போன மூன்றாம் நாள், முன்னறைத் துணி முழுவதையும் பின்னறைக்கு மாற்றிவிட்டேன். துணிக்கட்டுகள், மூட்டைகள், கயிற்றில் தொங்கியவை, கதவுக்குப் பின்னால் கிடந்த வெட்டுத்துண்டுகள் எல்லாவற்றையும். கால் நீட்ட இடமில்லை என்றீர்கள் அல்லவா, இப்போது பந்து விளையாடலாம். தையல் மெசின் மட்டும் வெளிச்சத்துக்காக முன்னறையில் நிற்கிறது. அன்றைக்கு மிதித்தபோது பயந்துபோனேன். அந்தச் சத்தம் கன்னத்தில் அறைகிறது! மெசின்தான் பழுதோ என்று எண்ணெய் விட்டேன், ஊசி மாற்றினேன், வார் மாற்றினேன். ஒன்றுமில்லை. மெசினை இழுத்துக்கொண்டு பின்னறைத் துணிகளுக்குள் போய் இருந்து மிதித்தேன். பழைய சத்தம், மெத்தென்று வந்தது.

மெசின் அதேதான், நானும் அதேதான். அறைதான் வேறு.

உங்கள் அறையில் என்ன இருக்கிறது என்று சதீசனைக் கேட்டேன். "என்னக்கா இருக்கு? கண்ணாடி மாதிரி டைல்ஸ். வாவிப்பக்கம் மூண்டு பெரிய கண்ணாடிச் சன்னல். ஒரு இரும்புக் கட்டில், ஒரு பிளாஸ்ரிக் கதிரை, அந்தச் செற். கதைச்சா திருப்பிக் கதைக்குது" என்றான். அப்படி ஒரு அறைக்குள் நீங்கள் தனியாக. அதை விடுங்கள்.

செற்றை நிறுத்திவிட்டு, அறை நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள்.

சன்னல் அளவைச் சதீசன் எடுத்துவந்தான். சேற்றில் விழுந்த அந்தத் திரைச்சீலைகள் நல்ல கனத்த துணி, உள்ளே வேறு ஒரு மடிப்புத் துணி வைத்துத் தைத்தது. மூன்று தரம் தோய்த்தும் கறை போகவில்லை. அதையே உங்கள் சன்னல்களுக்கு வெட்டித் தைத்திருக்கிறேன். கறைப் பக்கத்தை வாவிக்குக் காட்டிக் கொளுவுங்கள். பழைய சேலைகளில் தைத்த விரிப்பு ஒன்றும் வைத்திருக்கிறேன், அதை நிலத்தில் விரியுங்கள்.

இது செற்றுக்காக. வேறொன்றும் நினைக்க வேண்டாம்.

அஜந்தா

அந்தக் கசற்றில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியாதா? சோதிக்க வேறு பெண் குரல் கிடைக்கவில்லையா?


தன்னாமுனை
20.03.2025

அன்புள்ள அஜந்தா,

கைதட்டினேன். 'டங்' என்று தகரத்தில் கல் விழுந்தது போலத் திரும்பி வந்தது. இன்னொரு தடவை தட்டினேன். பிறகு தனியாகச் சிரித்தேன். கீழேயிருந்து ஆச்சிப்பிள்ளை அக்கா, "என்ன தம்பி, காசு கீசு விழுந்திச்சா?" என்று கேட்டா.

இருபத்தெட்டு வருடம் நான் சவுண்ட் போட்ட இடமெல்லாம் கோயில் வீதி, வட்டை வயல்வெளி, விளையாட்டு மைதானம். சத்தத்தை எறிந்தால் அது போய்விடும், திரும்பி வராது. சுவர் என்று ஒன்று இருப்பதை நான் யோசித்ததே இல்லை. பூவரச மரத்தில் ஹோர்ன் ஸ்பீக்கர் கட்டுகிறவனுக்கு அறை எதற்கு? சாலிஹும் அப்படித்தான். இரண்டு வெளிக்காரர்கள் சேர்ந்து பெட்டியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியிருக்கிறோம். கூடம் கோணல் என்று ஏசினாயே, இந்த முறை கூடம்தான் கோணல்!

திரைச்சீலை கொளுவக் கம்பி இல்லை. ஸ்பீக்கர் வயரை இழுத்துக் கட்டினேன். மூன்று சன்னலும் மூடியது. விரிப்பை விரித்தேன். கட்டிலை இழுத்துப் பின்சுவரோடு போட்டு, போர்வையைச் சுவரில் தொங்கவிட்டேன். மறுகா பச்சை உறைக் கசற்றைப் போட்டேன்.

சீறல் போய்விட்டது, அஜந்தா. ட்றெபிளைத் தொடவேயில்லை.

கேட்டாய் அல்லவா, சொல்லிவிடுகிறேன். வேறு கசற் நூறு இருக்கிறது. விது கைக்குழந்தையாக இருந்தபோது, கோயில் அறிவிப்பு மைக்கை ஏணைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் கட்டி உனக்குத் தெரியாமல் நான் பதிந்தது அது. "சின்னச் செல்லம் சிவத்தச் செல்லம், சாஞ்சு நித்திரை கொள்ளு செல்லம்" என்று நீயே கட்டிப் பாடினாயே. எத்தனை 'ச' பார். இங்கு வந்த நாளிலிருந்து தினமும் அதைத்தான் போட்டேன். உன் குரல் என்னைக் கண்டு சீறுவது போல இருந்தது. அதனால்தான் எனக்கு விசர் பிடித்தது. இல்லாவிட்டால் ஒரு செற்றுக்காக எவன் காது டொக்டரிடம் போவான்?

உன் திரைச்சீலையைச் சேற்றில் எறிந்தது பெரிய பிழை. குப்பை என்றது அதைவிடப் பிழை. அந்தக் குப்பைதான் சீறலை உறிஞ்சி இருபத்தாறு வருடமாக என் செற்றைப் பாடவைத்தது. நான் அம்பிளிபையருக்குப் பெருமை சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்னை மன்னித்துக்கொள்.

ஆனால் மனதில் உள்ளதையும் எழுதவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. நானும் என் அண்ணனும் உழைத்து அக்காவுக்கு வீடு கட்டினோம். பிறகு நான் உன் சீதன வீட்டுக்கு வந்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ஆரையம்பதியில் எல்லா ஆண்களும் அப்படித்தான். ஆனால் 'இது என்ட வீடு' என்று பெண்சாதி சொல்லிவிட்டால் அவனுக்குப் போக்கிடம் இல்லை. அக்காவுக்குக் கட்டிய வீடு அவவின் குடும்பத்துக்கு. அம்மாவின் பழைய வீடும் அக்காவுக்கே போய்விட்டது. அந்த ஒரு சொல்லைச் சொல்லக்கூடாது என்று எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆனால் ஒருவரும் சொல்வதில்லை. நீ சொன்னாய்.

ஆகவே கூப்பிடாமல் நான் வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. கூச்சமாக இருக்கிறது.

உன்
உதயரூபன்


ஆரையம்பதி
03.04.2025

அன்புள்ள விதுவின் அப்பாவுக்கு,

பதில் வரவில்லை என்று இரண்டு கிழமையாகச் சதீசனை நச்சரித்தீர்களாம். "அத்தான் என்னைப் போஸ்ட்மேன் எண்டே நினைச்சிட்டார். ஓட்டோ நிக்கிற சத்தத்துக்கு மேல்மாடியில இருந்து எட்டிப் பாக்கிறார்" என்று சிரிக்கிறான். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் நான் உங்களை ஏசினேன். இரண்டாவதில் என்னையே ஏசினேன். மூன்றாவதில் அழுது மை பரவிவிட்டது. இது நாலாவது.

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஒன்பது நாள் கண் விழித்துத் தைத்தது கண்முன்னே சேற்றில் கிடக்க, உங்களுக்கு எது நோகும் என்று என் நாக்கே தேடி எடுத்தது. அதுதான் உண்மை. அம்மா அப்பா வீட்டு உறுதிப்பத்திரத்தை என் பெயரில் எழுதினார்கள், ஓம். ஆனால் சுனாமிக்குப் பிறகு கூரை போட்டது யார்? கிணறு இறைத்தது யார்? விதுவின் ஏணையைக் கூரை வளையில் கட்டியது யார்? நீங்கள் போனபிறகு அந்த வீட்டுக்குள் என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. கைதட்டித்தான் பார்க்கவேண்டும் என்று இல்லை.

எனக்கும் ஒரு நோவு உண்டு. துணி எனக்குத் தொழில். அதைக் குப்பை என்று இனி ஒருநாளும் சொல்லக்கூடாது, பகிடிக்கும் சொல்லக்கூடாது.

கூப்பிட்டால் வருவேன் என்று எழுதியிருந்தீர்கள். கூப்பிடுகிறேன், வாருங்கள்.

முன்னறை வெறுமையாக இருக்கிறது. பெட்டிகளை விரும்பிய இடத்தில் வையுங்கள். என் துணி பின்னறையிலேயே கிடக்கட்டும். சன்னல் சின்னது, வெளிச்சம் காணாது, கண் கொஞ்சம் உளையும். அது பரவாயில்லை.

திரைச்சீலைகளைத் திரும்பக் கொண்டு வாருங்கள். ஊருக்கெல்லாம் தைக்கிறவளின் முன்னறைச் சன்னலில் ஒன்றுமில்லை என்று வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சதீசனிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டு வந்து நீங்களே கொளுவவேண்டும், எனக்கு எட்டாது.

அஜந்தா


தன்னாமுனை
06.04.2025

என் அன்பு அஜந்தா,

கடிதத்தை ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்றே வாசித்தேன். சதீசன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான், நல்ல பிள்ளை.

வாறன். பன்னிரண்டாம் திகதி காலை. சாலிஹும் சாமான் ஏற்ற வருகிறான். ஆச்சிப்பிள்ளை அக்காவிடம் அறைத் திறப்பைத் திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டேன், "நல்ல கதைதான் தம்பி, குழம்பு ஏனத்தையும் தந்திட்டுப் போ" என்றா.

ஒரு நிபந்தனை. உன் துணியைப் பின்னறையில் வைத்தால் நான் படலையாலேயே திரும்பிவிடுவேன். நான் வருவதற்குள் அது முழுவதும் முன்னறைக்கு வரவேண்டும். துணிக்கட்டுகளைப் பின்சுவர் ஓரமாக அடுக்கு. தொங்கவிடுகிறதைப் பெட்டிகளுக்கு எதிர்ப்பக்கம் தொங்கவிடு. வெட்டுத்துண்டு மூட்டைகளை இரண்டு மூலையிலும் வை, மூலையில்தான் சத்தம் கூடுதலாகச் சேரும். இப்போது சாலிஹும் நானும் தேடி எல்லாம் படித்துவிட்டோம். கால் நீட்ட எனக்கு முற்றம் இருக்கிறது. உன் மெசினைச் சன்னல் வெளிச்சத்திலேயே விடு. கண் உளைகிற கதை இனி வேண்டாம்.

விதுவுக்கு நீ சொல். நான் சொன்னால் நம்பமாட்டாள்.

உன்
உதயரூபன்


எங்கட வீடு
ஆரையம்பதி
09.04.2025

என் அன்புக்குரியவருக்கு,

நேற்று முழுநாளும் துணி சுமந்தேன். முன்னறை பழையபடி நிறைந்துவிட்டது. நடக்க ஒரு ஒற்றையடிப் பாதைதான் இருக்கிறது. மெசினை மிதித்துப் பார்த்தேன், மெத்தென்று கேட்கிறது.

விது பன்னிரண்டாம் திகதி பின்னேர பஸ்ஸில் வருகிறாள். "மெய்யாத்தானே? அப்பா வந்து நிக்கிற போட்டோ எடுத்து அனுப்புங்க, மறுகா ரிக்கெற் எடுக்கிறன்" என்று முதலில் சொன்னாள். பிறகு அதற்கும் பொறுக்காமல் நேற்றே எடுத்துவிட்டாளாம். வருசத்தன்று தலையில் வைத்து முழுகுகிற மருத்துநீருக்கு வேண்டியதைக் கோயிலடியில் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஒரு சேட் தைத்திருக்கிறேன். இந்த மூன்று மாதத்தில் மெலிந்திருப்பீர்கள் என்று இடுப்பைக் கொஞ்சம் பிடித்திருக்கிறேன். காணாவிட்டால் பிரித்து விடலாம்.

பெட்டிகள் வைக்கிற இடத்தைக் கூட்டித் துடைத்திருக்கிறேன். வலப்பக்கப் பெட்டிமேல் ஒன்றும் வைக்கமாட்டேன். இடப்பக்கத்துக்கு நான் பொறுப்பில்லை, ஓடர் கூடினால் வைப்பேன்.

பச்சை உறைக் கசற்றைச் சாமானோடு போடாமல் கையில் கொண்டு வாருங்கள். விது அதை ஒருநாளும் கேட்டதில்லை.

கதவு திறந்தே இருக்கும். வெளியில் நின்று கூப்பிட வேண்டாம்.

அஜந்தா